மைஎஸ்கியூஎல் பேக்கப்பை ஏற்றினால் முதல் வரியிலேயே பிழை

நூலகப்பூனை:
எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பட்டியல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. விண்டோஸ் 10-இன் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில், பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையை ஓட்டி, > குறி போட்டு ஃபைலில் சேமித்தேன். அப்புறம் அந்தக் கணினியை ஃபார்மட் செய்துவிட்டேன் (திட்டாதீர்கள்). இப்போது உபுண்டுவில் ரீஸ்டோர் செய்தால் '\0' எழுத்து இருக்கிறது, --பைனரி-மோட் வேண்டும் என்கிறது. அதைப் போட்டால் முதல் வரியிலேயே 1064, அதாவது கட்டளையின் இலக்கணம் தப்பு என்ற பிழை. எடிட்டரில் ஃபைலின் தலைப்பகுதி ஒழுங்காகத்தான் தெரிகிறது.

கறுப்புத்திரை:
பைனரி மோடை மறந்துவிடுங்கள், அந்தச் செய்தி ஆளைச் சுற்றவிடும். பவர்ஷெல் 5.1-இல் > போட்டால் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில்தான் எழுதும். ஒவ்வொரு ஆங்கில எழுத்தோடும் ஒரு சுழிய பைட் ஒட்டிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் அதில்தான் முட்டுகிறது. குறியீட்டு முறையை மாற்றும் ஐகான்வ் கட்டளையால் யூடிஎஃப்-8 ஆக மாற்றிப் பாருங்கள்:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-16 -டி யூடிஎஃப்-8 பழையது.எஸ்கியூஎல் > புதியது.எஸ்கியூஎல்

நூலகப்பூனை:
ஏறிவிட்டது! ஆனால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் குப்பை. எங்கு பார்த்தாலும் கிரேக்க ஆல்பா, பக்கத்தில் இரட்டைக் கோணக் குறி. போச்சா?

ஓரெழுத்து:
போகவில்லை. அந்த ஆல்பாதான் துப்பு. யூடிஎஃப்-8-இல் 'த' என்பது 224, 174, 164 என மூன்று பைட். தமிழ் எழுத்து எதுவானாலும் தொடக்கம் 224தான். டம்ப் தந்த பைட்டுகளை பவர்ஷெல் பழைய டாஸ் கோட்பேஜ் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) 437 என்று நினைத்துப் படித்திருக்கிறது. அதில் 224 ஆல்பா, 174 கோணக் குறி. இன்னொரு கோட்பேஜான 850 ஆக இருந்தால் ஆல்பா வராது. 437-இல் 256 இடமும் வேறுவேறு எழுத்து, அதனால் எதுவும் தொலையவில்லை, திருப்பிவிடலாம். பழைய ஃபைலிலிருந்தே தொடங்குங்கள்:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-16 -டி சிபி437 பழையது.எஸ்கியூஎல் > சரியானது.எஸ்கியூஎல்

பெயர் 437 என்றாலும் வெளியே வருவது உங்கள் அசல் யூடிஎஃப்-8 பைட்டுகள். டம்ப்பிலேயே பழைய டேபிளை டிராப் செய்யும் (நீக்கும்) வரி வழக்கமாக இருக்கும், அப்படியே மேலே ஏற்றலாம்.

நூலகப்பூனை:
வந்துவிட்டது, புள்ளி கொம்பு எதுவும் பிசகவில்லை. அரை நாளாக வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. இனி விண்டோஸில் எடுத்தால் > போடலாமா?

கறுப்புத்திரை:
வேண்டாம். --ரிசல்ட்-ஃபைல் கொடுங்கள், டம்ப்பே நேராக எழுதிக்கொள்ளும், பவர்ஷெல் கை வைக்காது. அப்புறம், ஃபார்மட்டுக்கு முன்னால் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.