விக்டோரியா காலத்து வீட்டு வேலை: மாணவர்களைச் செய்ய வைப்பவர்களின் அனுபவப் பகிர்வு

திரி தொடங்கியவர்

இங்கிலாந்துப் பள்ளிகளில் விக்டோரியா காலம் (1837–1901) பாடமாக வரும்போது, ஒரு நாள் பிள்ளைகளை அந்தக் காலத்து உடுப்பில் வரச் சொல்வது வழக்கம். தொப்பியும் ஏப்ரனும் படத்துக்கு அழகுதான். ஆனால் அன்றைக்கு ஒரு வீடு எப்படி ஓடியது என்பது வேலையைக் கையில் கொடுத்தால்தான் பிடிபடும். அப்படி நடத்துபவர்கள் எதைச் செய்ய வைக்கிறீர்கள், எங்கே சொதப்புகிறது, ஏன் என்று எழுதுங்களேன்.

கஞ்சிப்பானை

சலவையை எடுங்கள். அதற்கு ஈடு வேறில்லை. பெரும்பாலான வீடுகளில் திங்கட்கிழமைதான் சலவை நாள். ஞாயிறு வெந்த இறைச்சியில் மிச்சம் இருக்கும், அன்று அடுப்படியில் நிற்க வேண்டாம்.

முதலில் தண்ணீர். செங்கல் கட்டுக்குள் பதித்து, அடியில் தீ மூட்டும் செம்புக் கொப்பரை சுமார் 20 காலன் பிடிக்கும். நம் கணக்கில் 90 லிட்டர். அலசும் தண்ணீர் இதில் சேராது. பள்ளியில் கொதிநீருக்கு அனுமதி கிடைக்காது, பரவாயில்லை. குழாயிலிருந்து மைதானத்தின் மறுகோடிக்கு அந்த 90 லிட்டரை வகுப்பே பங்கிட்டுச் சுமக்கட்டும். பத்து லிட்டர் வாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து கிலோ போதும். பதினெட்டு நடை முடிவதற்குள் "தினமும் ஏன் குளிக்கவில்லை?" என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

வரிசை இது: முந்தின இரவே ஊறப்போடுவது, சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுத் தொட்டியில் அலைப்பது, வெள்ளைத் துணியைக் கொப்பரையில் கொதிக்க விடுவது, அலசல், நீலம், கஞ்சி, பிழிதல், உலர்த்தல், பிறகு இஸ்திரி. கம்பளித் துணி கொதிநீருக்குப் போகாது, போனால் சுருங்கிவிடும். தொட்டியில் அலைக்க 'டாலி' என்ற கருவி: நீளக் கம்பின் அடியில் முக்காலி மாதிரிக் கால்கள். பிள்ளைகள் அதை உலக்கையாக நினைத்துக் குத்துவார்கள். குத்தக் கூடாது. அரை வட்டம் வலம், அரை வட்டம் இடம் என்று திருக வேண்டும். மேலும் கீழும் குத்துவதற்குத் துளை போட்ட செம்புக் கிண்ணம் பொருத்திய கம்பு தனியாக உண்டு.

லண்டன் பக்கம் கடின நீர். சோடா போடாவிட்டால் சோப்பு நுரைக்காது, வெள்ளைத் திரியாகத் திரண்டு துணியில் ஒட்டும். இரண்டு கண்ணாடிக் குடுவையில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்புத் துருவல், ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சோடா. மூடிக் குலுக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சோடாவைத் தொடும் பிள்ளைக்குக் கையுறை கட்டாயம்.

நீலம் போடுவதில்தான் அதிகம் கெடும். கட்டி நீலத்தைப் பிளானல் துணியில் முடிந்து குளிர்ந்த நீரில் பிழிய வேண்டும். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் தண்ணீர் வெளிர் நீலமாகத் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். துணியை விரித்து முக்கி உடனே எடுக்க வேண்டும். ஊறவிட்டால் வரிவரியாகப் பிடிக்கும்; கரையாத துகள் இருந்தால் பொட்டு விழும். அல்ட்ராமரின் நீலமாக இருந்தால் கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் அலசினால் வெளுக்கும். பழைய பிரஷ்யன் நீலம் வேறு குணம்: துணியில் சோடா மிச்சம் இருந்தால் அந்தக் காரத்தில் சிதைந்து, இரும்புத் துருக்கறையை விட்டுவிடும். அலசலை இரண்டு முறை செய்தது சுத்தப் பைத்தியத்தால் அல்ல. இந்த நீலம் நம் வீடுகளுக்கும் வந்து வேட்டியில் ஏறியது என்பதால் தாத்தா பாட்டியை அழைத்தால் பாதி பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள்.

கஞ்சிக்கு ஒன்றே விதி. மாவை முதலில் குளிர்ந்த நீரில் குழைத்துவிட்டுத்தான் கொதிநீர் ஊற்ற வேண்டும். வெறும் மாவில் ஊற்றினால் கட்டி தட்டும், எத்தனை கிண்டினாலும் போகாது. மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளார்) போதும்.

மைக்கூடு

வகுப்பறையைப் பற்றி. சிலேட்டு நமக்குப் புதிதல்ல, அதனால் எழுதவில்லை. தொட்டெழுதும் பேனாதான் தகராறு. புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அது போகாமல் மை ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு தாளில் சொட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள். நிப்பின் நடுவில் உள்ள துளை வரை மட்டும் தொட்டு, மைக்கூட்டின் விளிம்பில் ஒருமுறை தட்ட வேண்டும். கீழிழுக்கும் கோட்டில் அழுத்தினால் பிளவு விரிந்து தடிமனாக வரும். மேலேற்றும் கோட்டில் அழுத்தினால் முனை தாளில் குத்தி மை தெறிக்கும். மட்டமான நகல் தாளில் மை ஊறிப் பரவும். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள வழவழப்பான தாள் வாங்குங்கள். ஒற்றுத்தாளை வைத்து அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது.

இடக்கைப் பிள்ளைகளை அன்று வலக்கையால் எழுதக் கட்டாயப்படுத்தினார்கள். அதைச் சொன்னால் போதும், செய்து காட்ட வேண்டாம்.

அந்த வகுப்பு ஏன் அப்படி மனப்பாடமாக இருந்தது என்பதற்குப் பணக்கணக்கு உண்டு. 1862இல் வந்த அரசு விதிப்படி பள்ளிக்கு மானியம் வருகைக்காக ஒரு மாணவருக்கு 4 ஷில்லிங், தேர்வுக்காக 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எதில் தோற்றாலும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ஆய்வாளர் வரும் நாளுக்காக ஆண்டு முழுக்கப் பாடம் ஒப்பித்ததில் என்ன ஆச்சரியம்?

அரையணா

மைக்கூடு சொன்ன வெட்டையே கணக்காகக் கொடுங்கள்: 2 ஷில்லிங் 8 பென்ஸை மூன்றால் பெருக்கு. முதல் முறை பெரும்பாலானோர் 8 ஷில்லிங் 4 பென்ஸ் என்பார்கள், பத்தில் மாற்றிப் பழகிய கை. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 24 பென்ஸ் என்பது 2 ஷில்லிங், ஆக சரியாக 8. ஷ்ரொப்ஷயரில் உள்ள பிளிஸ்ட்ஸ் ஹில் விக்டோரியா ஊரில் நுழைந்ததும் வங்கியில் இன்றைய காசைப் பழைய காசாக மாற்றலாம். அங்கே போவதற்கு முன் இந்தக் கணக்கை முடித்துவிட்டால் கடையில் பிள்ளைகள் திணற மாட்டார்கள்.

இன்னொன்று, கடிதம். 1840க்கு முன் கட்டணம் தாள் எண்ணிக்கையும் தூரமும் பார்த்து. பெரும்பாலும் வாங்குபவர்தான் கொடுப்பார். உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். சிலர் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் குறுக்காக மறுபடி எழுதினார்கள். 1840இல் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி என்றானதும் எடைதான் கணக்கு. அரை அவுன்ஸ் என்பது 14 கிராம். இன்றைய ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாளும் சாதாரண உறையும் சேர்த்தால் சமையலறைத் தராசில் எல்லையைத் தொட்டுவிடும். மூன்றாவது தாளுக்கு எழுதும் ஆசை இருந்தால், பிள்ளைகள் தாங்களாகவே பக்கத்தைத் திருப்பிக் குறுக்காக எழுதத் தொடங்குவார்கள். ஆரம்ப அஞ்சல் தலையில் துளைக்கோடு கிடையாது, கத்தரிக்கோல் வையுங்கள்.

பேரேடு

உயர்நிலை வகுப்பு என்றால் பள்ளி இருக்கும் தெருவின் மக்கள்தொகைக் கணக்கேட்டைக் கொடுங்கள். 1851 ஏட்டிலிருந்து தொடங்குங்கள், 1841 வேண்டாம். 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் 40 ஆவார். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தியும் அதில் இல்லை, அதனால் மாணவர்கள் தங்கையை மனைவியாக்கிவிடுவார்கள். 1851இல் உறவு, வயது, பிறந்த ஊர் மூன்றும் வந்துவிட்டன.

எழுதப்பட்டது கணக்கெடுப்பு இரவில் அந்த வீட்டில் தங்கியவர்களின் பெயர்தான். பேரன் பாட்டி வீட்டில் இருந்தால் அவன் அங்கேதான் வளர்ந்தான் என்று முடிவு கட்டக் கூடாது. தொழில் பத்தியில் பெண்களுக்கு வெற்றிடமாக இருந்தால் வேலை செய்யவில்லை என்றும் பொருள் இல்லை. அடுத்த வீட்டுத் துணியை வாங்கித் துவைத்துக் கொடுத்த பலரின் உழைப்பு அந்தப் பத்தியில் ஏறவே இல்லை.

நடுவில் ஒரு சொல்: விக்டோரியா காலத்தில் பிணத்தை நிற்க வைத்து எடுத்த படம் என்று இணையத்தில் சுற்றுவதை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். ஆளின் பின்னால் தெரியும் தாங்கி, உயிரோடிருப்பவர் தலையை அசைக்காமலிருக்க வைத்தது. உடலின் பாரத்தை அது தாங்காது.

திரி தொடங்கியவர்

கஞ்சிப்பானை, பிழியும் உருளையை விட்டுவிட்டீர்களே? எங்கள் பள்ளிக்கு ஒன்று இரவல் கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

கஞ்சிப்பானை

மாங்கிளா? கைப்பிடியைப் பிள்ளை சுற்றட்டும், துணியைப் பெரியவர்தான் உள்ளே விட வேண்டும். மாற்றினால் விரல் போகும். 'நில்' என்றதும் கையை எடுக்க முதலில் பழக்குங்கள். பொத்தான் உள்பக்கம் வரும்படி துணியை மடித்து விடுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். உருளை மரத்தாலானது என்றால் வேலை முடிந்ததும் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, ஈரம் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். இறுக்கியே வைத்தால் மரம் ஒரே பக்கம் அமுங்கி, அடுத்த முறை துணி பாதி நனைந்தே வெளியே வரும்.