ஜாவா: ஃபைலில் சேவ் ஆகிறது, லோட் செய்தால் முதல் மருந்து மட்டும் வருகிறது

கேள்வி:
வணக்கம். மாமாவின் மருந்துக்கடைக்கு ஸ்டாக் பார்க்க ஜாவாவில் சின்ன அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புது மருந்து சேர்க்கும்போதெல்லாம் ஃபைலை அப்பெண்ட் மோடில் (பழையதன் கடைசியில் சேர்த்து எழுதும்படி) திறந்து, ஆப்ஜெக்டை ஃபைலில் எழுதும் ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமில் ரைட்ஆப்ஜெக்ட் போட்டு மூடுகிறேன். ஃபைலின் அளவும் கூடிக்கொண்டேதான் போகிறது. ஆனால் படிக்கும்போது முதல் மருந்து வந்ததும் இந்த எர்ரரோடு நின்றுவிடுகிறது: ஸ்ட்ரீம்கரப்டட்எக்செப்ஷன், இன்வேலிட் டைப் கோட்: ஏசி. டேட்டா போய்விட்டதா? எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்யச் சொல்ல மனசு வரவில்லை.

பதில்:
பயப்படாதீங்க, டேட்டா அப்படியே இருக்கிறது. முதல் வேலையாக அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமை ஒவ்வொரு முறை புதிதாக உருவாக்கும்போதும் அது 4 பைட் தலைப்பு எழுதும். ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் ஏசி ஈடி 00 05 என்று தெரியும். படிக்கிற ஸ்ட்ரீம் (ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம்) அதை ஆரம்பத்தில் ஒரே முறைதான் எதிர்பார்க்கும். அதற்கப்புறம் அடுத்து வருவது என்ன வகை என்று சொல்லும் பைட் வரவேண்டும். உங்கள் ஃபைலில் அந்த இடத்தில் இரண்டாவது தலைப்பு நிற்கிறது. எர்ரரின் கடைசியில் இருக்கும் ஏசி அதுதான்.

மீட்பது சுலபம். ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமை ஒரே ஒரு முறை திறந்து, அதன் மேல் ஒவ்வொரு மருந்துக்கும் புது ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம் உருவாக்கிப் படியுங்கள். நடுவில் எதையும் மூடக்கூடாது, மூடினால் அடியில் இருக்கும் ஃபைலும் மூடிக்கொள்ளும். ஈஓஎஃப்எக்செப்ஷன் வந்தால் ஃபைல் முடிந்தது என்று அர்த்தம். வந்ததையெல்லாம் ஒரு அரேலிஸ்ட்டில் சேருங்கள்.

இனிமேல் அப்பெண்ட் வேண்டாம். மொத்த லிஸ்ட்டையும் ஒரே ரைட்ஆப்ஜெக்டாகத் தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்தபின் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் பழைய ஃபைல் பத்திரமாக இருக்கும். தலைப்பை எழுதும் ரைட்ஸ்ட்ரீம்ஹெடர் மெத்தடை ஓவர்ரைடு செய்து (நாமே மாற்றி எழுதி) தலைப்பைத் தவிர்க்கும் வழியும் உண்டு, ஆனால் ஒரு கடை ஸ்டாக்குக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லா மருந்தும் வந்துவிட்டது! லிஸ்ட்டாகவும் எழுதிவிட்டேன். அப்புறம் மருந்து கிளாஸில் காலாவதி தேதி என்று ஒரு ஃபீல்டு சேர்த்தேன். இப்போது இன்வேலிட்கிளாஸ்எக்செப்ஷன், லோக்கல் கிளாஸ் இன்கம்பேட்டிபிள் என்று வருகிறது.

இன்னொருவர் பதில்:
கிளாஸில் சீரியல்வெர்ஷன்யூஐடி (கிளாஸின் பதிப்பைக் குறிக்கும் எண்) எழுதாமல் விட்டிருப்பீர்கள். எழுதாவிட்டால் ஜாவா கிளாஸின் பெயர், ஃபீல்டுகள், மெத்தடுகள் எல்லாவற்றையும் வைத்துத் தானே ஒரு எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு ஃபீல்டு கூடினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஃபைலில் இருப்பதோ பழைய எண்.

எர்ரர் செய்தியை முழுசாகப் படியுங்கள், இரண்டு எண்கள் இருக்கும். ஸ்ட்ரீம் கிளாஸ்டெஸ்க் என்பதோடு வருவது ஃபைலில் உள்ள எண். அதை அப்படியே எடுத்து, கடைசியில் எல் போட்டு, பிரைவேட் ஸ்டாட்டிக் ஃபைனல் லாங் சீரியல்வெர்ஷன்யூஐடி என்று கிளாஸில் அறிவித்துவிடுங்கள். மைனஸ் குறி இருந்தால் அதுவும் சேர வேண்டும். பழைய ஃபைல் திறக்கும். இனி அந்த எண்ணை மாற்றாதீர்கள். ஃபீல்டு சேர்ப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் இருக்கும் ஃபீல்டின் வகையை இன்ட்டிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு மாற்றினால் இந்த எண் உங்களைக் காப்பாற்றாது.

கேட்டவர்:
திறந்துவிட்டது! ஆனால் பழைய மருந்துகளுக்குக் காலாவதி தேதி நல் (மதிப்பு எதுவும் இல்லை) என்று வருகிறது. ஃபீல்டிலேயே ஒரு ஆரம்ப மதிப்பு கொடுத்திருக்கிறேனே?

இன்னொருவர் பதில்:
இப்படி ஃபைலில் எழுதக்கூடிய சீரியலைசபிள் கிளாஸைத் திரும்பப் படிக்கும்போது அதன் கன்ஸ்ட்ரக்டர் (புது ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது ஓடும் பகுதி) ஓடாது, ஃபீல்டுக்கு நீங்கள் கொடுத்த ஆரம்ப மதிப்பும் போய்ச் சேராது. ஃபைலில் இல்லாத ஃபீல்டு நல் ஆகவே நிற்கும், எண்ணாக இருந்தால் 0. இதில் ஒரு பொய்த் தேதியை நிரப்பிவிடாதீர்கள், மருந்து விஷயம். நல் இருப்பவற்றைத் திரையில் ‘தேதி பதியவில்லை’ என்று தனியாகக் காட்டுங்கள். மாமா அட்டையைப் பார்த்து நிரப்பட்டும்.