பலா மர வழக்கு

எங்கள் பாட்டா தன் கூடப்பிறந்த அண்ணன் மேலேயே வழக்குப் போட்டவர். ஒரு பலா மரத்துக்காக. சின்ன வயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

போன வருடம் மரப்பெட்டியை ஒதுக்கும்போது அந்த வழக்கின் நகல் கட்டு கிடைத்தது. சங்கு முத்திரை போட்ட தாள், முழுக்க மலையாளம். கொல்லம் ஆண்டு 1119, அதாவது 1943-44. விளவங்கோடு தாலுகா அப்போது திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1-ல்தானே இந்தப் பக்கம் சேர்ந்தோம். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் வரும். குழித்துறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒரு மாமா மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார்.

தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். மரம் பாட்டாவுக்கு. செலவுத்தொகை ரூபாய், சக்கரம், காசு என்று பிரித்து எழுதியிருந்தது. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று மாமா சொல்லித் தந்தார். சரி, இவ்வளவுதானா என்று நினைத்தேன். "மக்களே, கமிஷன் மகஜரைக் கேளு" என்றார். கோர்ட் அனுப்பிய ஆள் இடத்தை நேரில் பார்த்து எழுதிய விவரம் அது.

தென்னை 14, பனை 9, அயனி 2, புளி 1. அந்தப் பலாவில் அன்றைக்கு நின்ற சக்கை, அதாவது பலாப்பழம், 11. கையாலை என்கிற எல்லைச் சுவர் இடிந்து கிடந்த இடம். ஓலைக்கூரை வீடு, வாசலுக்குத் தெற்கே ஒரு உரல். அந்த உரல் இன்றும் எங்கள் முற்றத்தில் கிடக்கிறது, அசைக்கவே இல்லை. அதற்கு வடக்கே போய் நின்றேன். பாட்டா வீட்டு வாசல் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தியின் சாட்சி மொழி, கைநாட்டோடு. பர்மா அரிசி வராமல் போன பிறகு பிள்ளைகள் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சக்கையும் தின்றுதான் கிடந்தார்கள். அதுவரை இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே சக்கை வெட்டினார்கள். கொட்டையைத் தனக்குத் தருவார்கள். இதைத்தான் சொல்லியிருக்கிறாள். மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பதினொரு சக்கை என்றால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் சாப்பாடு! இதற்கா சிரித்தோம் என்று இருந்தது.

அந்த இரண்டு பகுதியையும் தமிழில் எழுதி, பெரிய பாட்டாவின் பேரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்களுக்குள் கல்யாணம், சாவுக்கு மட்டும்தான் போக்குவரத்து. நின்றபடியே படித்தார்.

"பனை ஒம்பதா? நான் பாக்க நாலுதான் நின்னுது" என்றார். பிறகு உட்காரச் சொன்னார்.