பொறியில் விழும் கறுப்பு வண்டு: காய்த்துளைப்பானா, கிளைத்துளைப்பானா?

கூடலூர் ரொபஸ்டா:
கூடலூர் பக்கம் ரொபஸ்டா காபித் தோட்டம், ஒரு ஓரம் முழுக்கத் தேயிலை. எத்தனாலும் மெத்தனாலும் கலந்து வைத்த சிவப்புப் பொறியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வண்டுகள் குவிந்திருக்கின்றன. சிலது பளபளவென்று குண்டாக, சிலது நீளமாக, சிலது வெளிர்பழுப்பில். எல்லாவற்றையும் பெர்ரி போரர், அதாவது காய்த்துளைப்பான் கணக்கில் எழுதிவிடலாமா? 10 மடங்கு லென்ஸ் கையில் இருக்கிறது, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் இரவல் கிடைக்கும். எதைப் பார்த்துப் பிரிப்பது?

பூச்சிப்பெட்டி:
எழுதாதீர்கள் சார். வாடும் மரத்திலிருந்து எத்தனால் வாசனை வரும். அதைத் தேடிப் பட்டை வண்டு, மரத்துளைப்பான் வகைகள் பலவும் உங்கள் பொறிக்கு வரும். கூடலூர் ஊரே இதில் பெயர் பெற்றது. காபி காய்த்துளைப்பான் இந்தியாவில் முதலில் 1990-இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது.

நிறத்தை விட்டுவிடுங்கள். புதிதாக வெளிவந்த வண்டு எந்த இனமானாலும் வெளிர்பழுப்புதான், ஓடு இறுக இறுகத்தான் கறுக்கும். காய்த்துளைப்பானிலும் கிளைத்துளைப்பானிலும் ஆணுக்குப் பறக்க முடியாது. ஆகவே அந்தச் சின்னப் பழுப்பு வண்டுகளை ‘ஆண்’ என்று ஒதுக்கவும் கூடாது.

முதலில் வண்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் சில நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்து, டிஷ்யூ தாளில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் முதுகு மயிர் ஒட்டிக்கொள்ளும், பாதி அடையாளம் அங்கேயே போய்விடும். ஒளி நேராக விழுந்தால் ஓடு மினுங்கி ஒன்றும் தெரியாது. டிரேசிங் தாளைக் குழல்போல் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்துங்கள்.

அடுத்தது உணர்கொம்பு. பட்டை வண்டுக்கு (காய்த்துளைப்பானும் கிளைத்துளைப்பானும் இதில்தான் சேரும்) அது முழங்கைபோல் மடிந்து, நுனியில் ஒரே கெட்டிக் குமிழாக முடியும். நுனியில் மூன்று கண்ணிகள் தனித்தனியாக, தளர்வாகத் தொங்கினால் அது மரத்தூள் வண்டுக் குடும்பம். அதற்கும் தலையை மூடிய குல்லாய் மாதிரி முன்முதுகு இருப்பதால் பலர் ஏமாறுவார்கள்.

இனி முக்கியமான இரண்டு:

காய்த்துளைப்பான், அதாவது ஹைப்போதெனிமஸ் ஹாம்பை: பெண் 1.4 முதல் 1.8 மி.மீ. கொம்பின் குமிழ் தட்டையான நீள்வட்டம், மேலே குறுக்குத் தையல் கோடுகள் தெரியும். நெற்றியில் நெடுக்காக மெல்லிய பள்ளம். முன்முதுகின் முன்விளிம்பில் பெரும்பாலும் 4 பற்கள், முன்முதுகின் முன்சரிவில் சொரசொரப்பான மேடுகள் 25-க்குள். இறக்கை உறைமேல் வரிசை வரிசையாக நீண்டு நிமிர்ந்த மயிர். உறை பின்னால் சீராக வளைந்து இறங்கும்.

ரொபஸ்டா கிளைத்துளைப்பான், சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ்: நீளம் ஏறக்குறைய அதேதான். அளவை வைத்துப் பிரிக்க முயல்வது வீண். ஆனால் உருவம் கட்டை குட்டை, பளபளப்பு, முன்முதுகு மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வட்டம். கொம்பின் குமிழ் நுனியைச் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். முன்முதுகும் இறக்கை உறையும் சேரும் இடத்தின் நடுவில் அடர்ந்த மயிர்க்கற்றை, பூஞ்சையைச் சுமக்கும் பையின் வாய் அதுதான். மல்லாக்கப் போட்டுப் பாருங்கள்: முன்னங்கால் இரண்டும் உடம்போடு சேரும் அடிக்கண்ணிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றால் அது காய்த்துளைப்பான் இல்லை, சந்தேகமே வேண்டாம்.

முன்விளிம்புப் பற்களை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள், இரண்டுக்கும் பற்கள் உண்டு.

மேல்தோட்டம்:
தேயிலை ஓரம் என்றதால் மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேயிலைக் கிளையைத் துளைக்கும் ஷாட் ஹோல் போரர். பெண் ஏறக்குறைய 1.8 முதல் 2.5 மி.மீ. குமிழ் சீவிய வடிவம்தான், ஆனால் முன்னங்கால் அடிக்கண்ணிகள் ஒட்டியிருக்கும், முன்முதுகின் அடியில் அந்த மயிர்க்கற்றை இருக்காது. இறக்கை உறையின் பின்சரிவில் பக்கவிளிம்பு நெடுக கூரான வரம்பு ஓடும்.

இதில் ஒரு சிக்கல். ஷாட் ஹோல் போரரை யூவாலேசியா ஃபார்னிகேட்டஸ் என்று ஒரே பெயரில் சொல்லிவந்தது உண்மையில் பல இனங்களின் தொகுதி. அவற்றின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மைக்ராஸ்கோப்பை வைத்துத் தொகுதிவரை சொல்லலாம், எந்த இனம் என்பதற்கு டி.என்.ஏ. பார்த்தாக வேண்டும். அப்படி அனுப்புவதாக இருந்தால் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். 70 சதவீதம் உருவம் பார்க்க மட்டும் போதும். பொறித் திரவத்தில் நாள்கணக்கில் ஊறியதை அனுப்பிப் பயனில்லை.

பொறிவண்டைவிட, துளையிலிருந்து நீங்களே எடுத்த வண்டு பல மடங்கு மேல். காய்த்துளைப்பான் காயின் நுனியில் உள்ள தொப்புள் வட்டத்தில்தான் பெரும்பாலும் துளையிடும். கிளைத்துளைப்பானுக்கு வாடும் பசுங்கிளையின் அடிப்பக்கம் 1 மி.மீ.க்கும் குறைந்த துளை இருக்கும். கிளையை நெடுக்காகப் பிளந்தால் நடுத்தண்டில் அறையும் வெள்ளைப் புழுவும் கிடைக்கும். இப்படி எடுத்த வண்டை ஒப்புமைக்கு அட்டை முக்கோணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால், பொறிக்குவியலைப் பிரிப்பது எளிது.

கூடலூர் ரொபஸ்டா:
நன்றி. சிலவற்றில் நெற்றிப்பள்ளம் தெரிகிறது, குமிழும் தட்டை. ஆனால் முதுகு மொட்டையாக இருக்கிறதே?

பூச்சிப்பெட்டி:
காய்க்குள் நுழைந்து வெளியேறிய வண்டுக்கு மயிர் தேய்வது சாதாரணம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, உறையின் கடைக்கோடிச் சரிவைப் பாருங்கள், அங்கே நாலைந்து மயிராவது மிஞ்சும். அவை நீண்டு மெலிந்திருந்தால் ஹாம்பை. குட்டையாக, தட்டையாக, நுனி சதுரமாக இருந்தால் அதே பேரினத்தின் வேறு இனம். உலர்ந்த குச்சியிலும் நெற்றுகளிலும் வாழ்பவை அந்தப் பேரினத்தில் நிறைய, அவற்றைத் தனிக் குப்பியில் போடுங்கள்.

குவியல் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. நன்றாகக் கலக்கி, கண்ணை மூடி 100 எடுத்து, இனவாரியாகப் பிரித்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் போட்டால் போதும். கலக்காமல் மேலாக அள்ளினால் மிதப்பவை மட்டுமே வரும், கணக்கு சாய்ந்துவிடும்.