சிவகங்கைக்கு ஏன் இந்த நிறம்? மேல்நிலை மாணவர்களுக்கு மானுடப் புவியியலைப் படங்கள் வழியாகக் கற்பிப்பது பற்றி

கேள்வி: புவியியல் ஆசிரியை, காரைக்குடி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். என் மாணவர்கள் பட்டை வரைபடத்தைப் பிசிறின்றி வரைகிறார்கள். வட்ட விளக்கப்படத்தின் கோணங்களைப் பாகைமானி வைத்துச் சரியாகப் பிரிக்கிறார்கள். தலைப்பு, குறிவிளக்கம், திசைக்குறி எதையும் விடுவதில்லை. ஆனால் வரைந்து முடித்த படம் என்ன சொல்கிறது என்று கேட்டால், பட்டையின் உயரத்தை எண்ணாகத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

சென்ற வாரம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களின் பாலின விகிதத்தை நிலவரைபடத்தில் வண்ணமிடச் செய்தேன். ஆயிரம் ஆண்களுக்கு நீலகிரியில் 1,042 பெண்கள், தருமபுரியில் 946, நம் சிவகங்கையில் 1,003, மாநில அளவில் 996. சிவகங்கைக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டபோது, "குறிவிளக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்" என்றார்கள். தந்தையோ அண்ணனோ சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்த வகுப்பில் பலர் இருக்கிறார்கள். தங்கள் வீட்டில் இல்லாத ஒருவரும் அந்த நிறத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

வரைவதிலிருந்து வாசிப்பதற்கு இவர்களை எப்படி அழைத்துச் செல்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். செட்டிநாட்டுக்கு மட்டும் தனியாக ஒரு நிலவரைபடம் வரையச் சொல்ல நினைத்தேன். ஆனால் எந்த அரசு அட்டவணையிலும் செட்டிநாடு என்றொரு வரிசை இல்லை. எல்லையை எங்கே இடுவது?

மறுமொழி 1: பணி நிறைவு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியைப் பாடமாக நடத்தினால், முதல் கேள்விக்கான வழி அதிலேயே திறக்கும் என்று நினைக்கிறேன். எல்லையை நீங்கள் இட்டுக் கொடுக்காதீர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் சேர்ந்த வெற்று நிலவரைபடத்தின் மேல் ஆளுக்கொரு எண்ணெய்த்தாளை வைத்து, தான் செட்டிநாடு என்று கருதும் பகுதியைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். காரைக்குடியும் கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் அனைவருடைய கோட்டுக்குள்ளும் விழும். ஓரங்களில்தான் கோடுகள் பிரியும். ஏன் பிரிந்தன என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. ஒருவன் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களை எண்ணியிருப்பான்; பழைய வழக்கில் அவை 96, இன்று எழுபதுக்குச் சற்று மேல். மற்றொருத்தி பெரிய வீடுகள் எதுவரை உண்டோ அதுவரை என்று கொண்டிருப்பாள். அந்த ஊர்களைத் தொகுக்கும் வட்டகைப் பிரிவுகளைப் பாட்டியிடம் கேட்டு வந்து வரைகிற பிள்ளையும் இருக்கக்கூடும். எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது மாறினால் எல்லையும் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் வரையறையும் புரிய வைக்காது.

அடுத்து, ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அதன் பொருள்கள் வந்த வழியை உலக நிலவரைபடத்தில் அம்புகளாக வரையச் சொல்லலாம். தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, கண்ணாடிக்கு பெல்ஜியம், பக்கத்திலேயே செய்யப்படும் ஆத்தங்குடித் தரைக்கல். இங்கே ஒரு கவனம் தேவை. எவ்வளவு வந்தது என்ற கணக்கு நம்மிடம் இல்லாதபோது அம்பின் தடிமனைக் கூட்டிக் குறைக்கக் கூடாது; தடிமன் என்பது அளவைச் சொல்லும் மொழி. பிரான்சு நாட்டுப் பொறியாளர் மினார், உலகின் குடிபெயர்வோரை 1858ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு வரைந்து 1862இல் வெளியிட்ட நிலவரைபடத்தில், ஒவ்வொரு பட்டையின் அகலமும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி இருக்கும். அதைக் காட்டிவிட்டு, நம் அம்புகளை ஏன் ஒரே அளவில் வரைகிறோம் என்று பிள்ளைகளையே சொல்லச் செய்யுங்கள்.

பொருள் வந்த வழியிலேதான் மனிதரும் போனார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் முன்னோர் பர்மாவில் நெல் விளைச்சலுக்குக் கடன் கொடுத்தவர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமற்போகவே, ஈட்டு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்து, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் சுமார் 25 விழுக்காடாயிற்று. இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் கொடுத்துக் கோட்டு வரைபடம் போடச் சொன்னால் எல்லோரும் நேர்க்கோடு இழுப்பார்கள். நடுவில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே சீராகத்தான் ஏறியதா, அந்தக் கோட்டுக்கு யார் சான்று என்று கேளுங்கள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதையும், 1942இல் சப்பானியப் படை நுழைந்ததையும் அதே அச்சில் குறித்தால், ஏறிய கோட்டைப் பார்த்து அதைச் செல்வம் என்று மட்டும் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

மறுமொழி 2: கல்லூரிப் புவியியல் விரிவுரையாளர்

ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். வண்ணமிடும் பயிற்சி பற்றி மட்டும் சில சொற்கள். 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன; இன்று 38. இப்போதைய நிலவரைபடத்தில் பழைய எண்களை நிரப்பினால் தென்காசி, மயிலாடுதுறை போன்றவை வெற்றிடமாக நிற்கும், அல்லது தாய் மாவட்டத்தின் எண்ணைத் தவறாகச் சுமக்கும்.

வகுப்பு இடைவெளியை, அதாவது எந்த எண் முதல் எந்த எண் வரை ஒரே நிறம் என்பதை, மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்த 2011 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் அடர்த்தி சதுரக் கிலோமீட்டருக்கு 26,000ஐத் தாண்டியது. அடுத்து வந்த கன்னியாகுமரி 1,100ஐ ஒட்டியே நின்றது. சிவகங்கை சுமார் 320. சம இடைவெளியில் ஐந்து நிறங்கள் வைத்தால் சென்னை ஒரு நிறத்திலும் மற்ற 31 மாவட்டங்களும் இன்னொரு நிறத்திலும் விழுந்து, நடுவில் மூன்று நிறங்கள் பயன்படாமலே போகும். அதே எண்களை மாவட்டங்களின் எண்ணிக்கை சமமாக அமையும்படி பிரித்து மீண்டும் வரைந்தால் வேறொரு தமிழ்நாடு தெரியும். இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டிவிட்டாலே போதும், கேள்விகள் அவர்களிடமிருந்து வரும்.

பாலின விகிதத்தில் ஓர் எச்சரிக்கை. ஆண்கள் வெளியேறுவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட வேண்டாம். பெண்களின் ஆயுள் சராசரியாகக் கூடுதல் என்பதும் அதில் சேரும். தருமபுரியின் குறைவுக்குப் பின்னாலோ பெண் சிசுக்கொலையின் கசப்பான வரலாறு இருக்கிறது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எண்ணெய்த்தாள் பயிற்சியைத் திங்கட்கிழமையே செய்துவிடுவேன். வீட்டுப் பொருள் பயிற்சியில்தான் தயக்கம். என் வகுப்பில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளே அதிகம். பளிங்கும் தேக்கும் பேசினால் பாடம் அவர்களுக்கு வெளியே போய்விடாதா?

மறுமொழி 3: ஆசிரியை, புதுவயல்

போய்விடும், அம்மா. உங்கள் தயக்கம் நியாயமானது. கண்மாயையும் ஊரணியையும் வைத்துத் தொடங்குங்கள். அவை எல்லோருக்கும் பொது. 1:50,000 அளவுத் தலப்படத்தில் (இட அமைப்பு வரைபடத்தில்) இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதில் நீல நிறம் உள்ள இடங்களைப் பிள்ளைகள் முதலில் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு குடியிருப்புகள் அவற்றுக்கு எந்தப் பக்கத்தில் அமைந்திருக்கின்றன, எந்தத் தெரு ஊரணிக்கு அருகில், எந்தத் தெரு தொலைவில் என்று எழுதட்டும். எங்கள் ஊரில் அரிசி ஆலைகளுக்கு நெல் வரும் ஊர்களையும் அரிசி போகும் ஊர்களையும் வரைந்தோம். லாரி ஓட்டுநரின் மகன்தான் அன்று வகுப்புக்கே வழிகாட்டினான்.

நீங்கள் தொடங்கிய கேள்விக்கு எனக்குப் பயன்பட்டது மக்கள்தொகைப் பிரமிடு; வயதுவாரியாக ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமும் பட்டைகளாக அடுக்கும் படம் அது. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டாரின் வயதையும் பாலினத்தையும் பெயர் எழுதாமல் சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஊரில் இருப்பவருக்கு வெள்ளைச் சீட்டு, வெளிநாட்டில் இருப்பவருக்கு மஞ்சள் சீட்டு. வெள்ளைச் சீட்டுகளை மட்டும் எண்ணி முதலில் வரையுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தால், அங்கே என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள். விடை வந்த பிறகு மஞ்சள் சீட்டுகளை எண்ணி, அந்தப் பட்டைகளின் நுனியில் புள்ளிக்கோட்டால் வெற்றுக் கட்டங்களை வரையச் சொல்லுங்கள். நிறம் தீட்ட வேண்டாம். கணக்கெடுப்பு நாளில் அவர்கள் இங்கே இல்லை.