சனிக்கிழமை கடலுக்குப் போகிறவன் பிள்ளையை எப்போது பார்ப்பது?

ராமேஸ்வரம்_டிரைவர்:
நானும் வீட்டுக்காரியும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. சண்டை ஓய்ந்துவிட்டது, சேரும் எண்ணமும் இருவருக்கும் இல்லை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. இருவரும் பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளியில் அம்மாவோடு இருக்கிறார்கள். எந்த நாள் யாரிடம் என்று எழுதிக் கோர்ட்டில் கொடுத்துவிடலாம் என்று பேசினோம். வக்கீல் தந்த நகலில் 'ஒவ்வொரு சனி, ஞாயிறும் தந்தையிடம்' என்று இருக்கிறது. நான் விசைப்படகு டிரைவர். எங்களுக்குத் திங்கள், புதன், சனி கடல். சனி கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் ஞாயிறு காலைதான் கரை. மீனை இறக்கி, எடை போட்டு, வலையை ஒதுக்கி வீட்டுக்கு வரப் பத்து மணி. இதைச் சொன்னால் 'எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம்' என்கிறார் வக்கீல்.

நான் கேட்பது இதுதான்: ஞாயிறு மதியம் முதல் திங்கள் காலை வரை, வியாழன் மாலை முதல் வெள்ளி மாலை வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் மே மாதம் முழுவதும் என்னிடம். அவளுக்குச் சம்மதமில்லை. இதில் என்ன தப்பு?

தங்கச்சிமடத்தக்கா:
தம்பி, திங்கள் உங்களுக்குக் கடல் நாள்தானே? நீங்கள் ஜெட்டிக்குப் போன பிறகு பிள்ளைக்குத் தலை சீவி, பாலம் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏற்றுவது யார்? உங்கள் அம்மா. அப்படியானால் ஞாயிறு ராத்திரி பிள்ளை வருவது அப்பாவிடமா, அப்பத்தாவிடமா?

பிரிந்தவள்தான் நானும். என் மகளுக்கு வாரம் இரண்டு தடவை வீடு மாறுகிற மாதிரி எழுதியிருந்தோம். பேப்பரில் அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளை ஷூ போட வேண்டும். அது அவள் அப்பா வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும். கறுப்பு ஷூவோடு பிரேயரில் தனியாக நின்றுவிட்டு வந்து, 'எனக்கு ஒரே வீடு போதும்' என்றாள். அவளுக்கு அப்பா மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஷூ மேல்தான் கோபம். உங்கள் கடல் நாளை வைத்து எழுதினால் பிள்ளையின் நாள் எங்கே போகும்?

தொண்டிப்_பெரியவர்:
பங்கு பிரிக்க இதென்ன மீனா? இரண்டு பக்கமும் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் முடியும். பேப்பர் வந்தால் பாசம் போய்விடும். நாளைக்கு அரை மணி தாமதமானாலும் 'எழுதியிருக்கிறது பார்' என்று நீட்டுவார்கள்.

குமாஸ்தா_பரமக்குடி:
ஐயா சொல்வது நல்ல நாளுக்குச் சரி. இரண்டு பேரில் ஒருவர் மறுமணம் செய்தாலோ, வேறு ஊருக்குப் போனாலோ ஊர்ப் பேச்சை எந்தக் கோர்ட்டில் காட்டுவது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் உட்காருங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே உதவி இலவசம். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

டிரைவர் அண்ணே, இந்துவாக இருந்தால் 1956-ம் வருடச் சட்டப்படி 5 வயது முடியாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான். எந்த மதமானாலும் 1890-ம் வருடக் காப்பாளர் சட்டம் உண்டு. அதில் கோர்ட் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். 9 வயதுக்காரியும் 4 வயதுக்காரனும் ஒரே வரியில் வர வேண்டியதில்லை. தனித்தனியாக எழுதுங்கள்.

ராமேஸ்வரம்_டிரைவர்:
அக்கா, ஷூ விஷயம் சரி. இரண்டாவது ஜோடி வாங்கிவிடலாம். ஆனால் அப்பத்தா என்றால் என்ன குறை? உச்சிப்புளியில் அவள் வேலைக்குப் போகும்போது அம்மாச்சிதானே பார்க்கிறார்? அது மட்டும் 'அம்மாவிடம் இருப்பது' ஆகுமா?

கீழக்கரை_மருமகள்:
நல்ல கேள்வி. 😀

எங்கள் பக்கம் பாதிப்பேர் சபராளிகள், வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள். என் நாத்தனாரின் பிரிந்த கணவர் துபாயில். அவர்கள் எழுதிய முதல் வரியே போன்தான்: இங்கே இரவு 8.30, அங்கே 7. பிள்ளை பேசும்போது பக்கத்தில் பெரியவர்கள் உட்காரக் கூடாது. கூட இல்லாத பெற்றோரோடு போனிலும் வீடியோவிலும் பேச வழி வேண்டும் என்று 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சிக்னல் இல்லாத கடல் இரவுகளுக்கு என்ன செய்வது என்று யோசித்தீர்களா? கரைக்கு வந்ததும் ஒரு அழைப்பு, மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன்.

தங்கச்சிமடத்தக்கா:
அம்மாச்சி கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மே மாதத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. போட்டைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து, நீங்கள் வீட்டிலா இருப்பீர்கள்? 4 வயதுப் பையன் ஒரு மாதம் அம்மா முகம் பார்க்காமல் இருப்பானா? மகளுக்கு இரண்டு வாரம், பையனுக்கு மூன்று மூன்று நாளாகத் தொடங்குங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம். ஜூனில் பள்ளி திறக்கும், ஃபீஸ், நோட்டு, சீருடை எல்லாம் அப்போதுதான். உங்கள் கையில் அப்போது என்ன இருக்கும்? தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது ஃபீஸுக்குக் காணுமா? 'மாதாமாதம் இவ்வளவு' என்று எழுதினால் மே, ஜூனில் தவறிப்போய்க் குற்றவாளி ஆவீர்கள். மீன்பாடு நன்றாக இருக்கிற மாதங்களில் கூடுதலாகக் கட்டி, ஃபீஸை மார்ச்சுக்குள் அவள் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, சொல்லவே நாக்கு கூசுகிறது. இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனால் பிள்ளைகளிடம் யார் சொல்வது? எங்கள் தெருவில் ஒரு பையன் டிவியில் அப்பாவின் போட் நம்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

தொண்டிப்_பெரியவர்:
அதைக்கூடவா எழுதுவது?

குமாஸ்தா_பரமக்குடி:
எழுதலாம் ஐயா. 'தந்தை கடலில் தடைபட்டால் தாயே முதலில் சொல்வார், அப்பத்தா வீட்டு நாள்கள் நிற்காது' என்று ஒரு வரி. டோக்கன் இல்லாத நாளுக்கும் ஒரு வரி: காற்று எச்சரிக்கையால் கடல் இல்லை என்றால் முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் மெசேஜ், தாய் 'சரி' என்றால் மட்டும் கூடுதல் நாள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை வளர வளர எல்லாமே மாறும். மறுபடி கோர்ட்டில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம்_டிரைவர்:
வெள்ளிக்கிழமையை விட மாட்டேன். அது எனக்குக் கடல் இல்லாத முழு நாள். வேண்டுமானால் வியாழன் இரவு வேண்டாம். வெள்ளி மாலை பள்ளி வாசலில் நானே கூட்டிக்கொண்டு, சனி விடியும் முன் மண்டபத்தில் அவள் தம்பியிடம் விடுகிறேன்.

தங்கச்சிமடத்தக்கா:
சனி விடியும் முன்னா? தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டுவீர்களா? வெள்ளி இரவு எட்டு மணிக்கே சாப்பிட வைத்துக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அதை அவள் ஒத்துக்கொள்வாள் என்று தோன்றுகிறது.

ராமேஸ்வரம்_டிரைவர்:
எட்டு மணி என்றால் எனக்கு மூன்று மணி நேரம்தான் மிஞ்சும்.

சரி, அவளிடமே கேட்கிறேன். நாளைக்குக் கடல். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வந்து சொல்கிறேன்.