கோப்பு "பேசவும்" என்றே திரும்பி வருகிறது, என்ன செய்வது?

புது_இளநிலை:
குரூப் 4 எழுதி ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன், பணியமைப்புப் பிரிவு (ஊழியர்களின் விடுப்பு, பணி விவரங்களைப் பார்க்கும் பிரிவு). பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. கோப்பில் எந்தக் குறிப்பை எழுதி வைத்தாலும், அலுவலர் பச்சை மையில் எழுதும் "பேசவும்" (நேரில் வந்து பேசு) என்ற ஒற்றை வார்த்தையோடு மேசைக்குத் திரும்பிவிடுகிறது. கண்காணிப்பாளரைக் கேட்டால் "பழைய கோப்பைப் பார்த்து எழுதுப்பா" என்கிறார். பழைய கோப்பிலும் "பரிசீலிக்கலாம்" தான் இருக்கிறது. அலுவலர் அறைக்குள் போய்ப் பேசவும் தயக்கம். சீனியர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வு_கண்காணிப்பாளர்:
தம்பி, "பரிசீலிக்கலாம்" என்றால் யார் பரிசீலிப்பது? அதற்குத்தானே கோப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மருத்துவ விடுப்பு கேட்கிறார் என்று வையுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சான்று நடப்புக் கோப்பில் எந்தப் பக்கம், தகுதிச் சான்று வந்ததா, பணிப்பதிவேட்டின்படி ஈட்டா விடுப்பு (மருத்துவச் சான்றின் பேரில் தரும் விடுப்பு) எத்தனை நாள் இருப்பு, அனுமதிக்க இந்த அலுவலருக்கு அதிகாரம் உண்டா, இவ்வளவும் நாலு வரியில் வரட்டும். கடைசியில் "மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு அனுமதிக்கலாம், வரைவு ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது" என்று எழுதி வரைவையும் சேர்த்தே வையுங்கள். அவர் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி இருந்தால் எதற்கு உங்களைக் கூப்பிடப் போகிறார்? வந்த மனுவையே வரிக்கு வரி திரும்ப எழுதி இரண்டு பக்கம் நிரப்பும் வழக்கத்தை மட்டும் பழகிக்கொள்ளாதீர்கள்.

சி_பிரிவு_அக்கா:
ஐயா சொன்னது சரி. ஆனால் "பேசவும்" எப்போதும் குறிப்பு மோசம் என்பதற்காக வருவதில்லை, சில விஷயங்களை எழுத்தில் கேட்க அலுவலருக்கே தயக்கம் இருக்கும். தள்ளிப்போடாமல் அன்றைக்கே போங்கள், கோப்பும் பணிப்பதிவேடும் கையில் இருக்கட்டும். வெளியே வந்ததும் "கலந்து பேசியதற்கிணங்க" என்று தொடங்கி, அவர் சொன்னதை எழுதி மறுபடி மேலே அனுப்புங்கள். நாளைக்குத் தணிக்கையிலோ 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கையிலோ நிற்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குறிப்புப் பக்கத்தையும் கேட்கலாம் என்பது நினைவிருக்கட்டும்.

கோவை_உதவியாளர்:
பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம். மே, டிசம்பரில் டிஎன்பிஎஸ்சி நடத்தும் துறைத் தேர்வுகளில் அலுவலக நடைமுறை நூலும் கணக்குத் தேர்வும் எழுதிவிடுங்கள். முடிந்த கோப்பில் எழுதும் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்றால் அதை முறையே ஒன்று, மூன்று, பத்து ஆண்டு, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் படித்துத்தான் எனக்கே தெளிந்தது. தன்பதிவேட்டை (உங்களுக்கு வரும் தபால், கோப்புகளின் நிலையை நீங்களே எழுதும் பதிவேடு) அன்றன்று எழுதுங்கள், அது தேங்கினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது.

புது_இளநிலை:
நன்றி. அலுவலர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, அதை நான் எழுதி வைத்தால் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டால்?

சி_பிரிவு_அக்கா:
அடிக்கடி நடப்பதுதான். கண்காணிப்பாளரைத் தாண்டி நேராகப் போகாதீர்கள், அவர் வழியாகவே நினைவூட்டிக் குறிப்பு வையுங்கள். கோப்பு மேலே போன தேதி தன்பதிவேட்டில் இருக்க வேண்டும். கையெழுத்து வரும்வரை வரைவுக்குச் செவ்வைப்படி (அனுப்புவதற்கான இறுதிப் படி) எடுக்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும்.